ராகி விதையும் என் வயிற்றெரிச்சலும்

எனக்குப் பொறாமை வரும். சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. பள்ளியில் பக்கத்துப் பெண்ணின் பென்சில் பெட்டியைப் பார்த்து ஆரம்பித்த வியாதி, நாற்பதை நெருங்கியும் விடவில்லை. அண்ணி புடவை எடுத்தால் வரும். எதிர்வீட்டு வாசலில் புதுக் கார் நின்றால் வரும். அதெல்லாம் இரண்டு நாளில் ஆறிவிடுகிற எரிச்சல். ஒரே ஒரு முறைதான் அது என் வேலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு என் வாயைக் கட்டிப் போட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

மைசூரில் ஹெப்பால் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ஓய்வு பெற்ற விவசாயப் பேராசிரியர் ஒருவர் நடத்துகிறார். எங்களுக்கு அவர் வெறும் சார். பயிருக்கு நல்லது செய்கிற பாக்டீரியாவை வளர்த்து, பவுடரில் கலந்து, ராகி, சோளம், நெல் விதைகளின்மேல் பூசிக் கொடுப்பது எங்கள் தொழில். விதை நேர்த்தி என்பார்கள். விதை முளைக்கும்போது தோலில் ஒட்டியிருக்கிற பாக்டீரியாவும் கூடவே வேரில் குடியேறிவிடும். வேர் நன்றாக இறங்கும். ராகிக்கு வருகிற குலைநோய் குறையும். மழை பத்து நாள் தள்ளிப்போனாலும் பயிர் தாக்குப் பிடிக்கும். எல்லா நிலத்திலும் எல்லா வருஷமும் அப்படியே நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நடக்கும்போது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இதில் என் பங்கு எண்ணுவது. பூசிய விதையில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. கொஞ்சம் விதையைச் சுத்தமான தண்ணீரில் குலுக்கி, அந்தத் தண்ணீரை மேலும் மேலும் நீர்க்க வைத்து, அதில் சொட்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டு, மேலே காய்ச்சிய அகர் கூழை ஊற்றுவேன். கூழ் உறைந்ததும் தட்டைக் கவிழ்த்து அலமாரியில் வைத்தால், இரண்டு நாளில் ஒவ்வொரு உயிரும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புற ஊதா விளக்கில் பிடித்தால் எங்கள் பாக்டீரியா பச்சையாக ஒளிரும். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. கூழ் ஊற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆறவிட்டால் கட்டி தட்டிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உள்ளே இருக்கிற உயிர் வெந்துவிடும். சூடு பார்க்கக் கருவி இருக்கிறது, ஆனால் நாங்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். குடுவையைக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்போம். கன்னம் பொறுத்தால் பாக்டீரியாவும் பொறுக்கும்.

எங்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எண்ணிக்கை பதிவேட்டில் ஏறிய பிறகுதான் விதை வெளியே போகவேண்டும் என்பது விதி. விதைப்புக் காலத்தில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை யார் அதுவரை நிறுத்தி வைப்பது? ஆகவே தட்டு மோசமாக இருந்தால் மட்டும் நான் வாயைத் திறப்பேன். "நில்லுங்க" என்று ஒரு வார்த்தை. நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால் விதை போகலாம் என்று அர்த்தம். எண்ணைப் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் இது ஒரு தடவையும் பிசகியதில்லை. சாருக்கும் இது தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

எனக்கு வேண்டியிருந்தது வயல் பொறுப்பு. கிராமம் கிராமமாகப் போய், ஒரே நிலத்தில் பாதிக்கு நேர்த்தி செய்த விதை, பாதிக்குச் சாதா விதை என்று பிரித்து விதைத்து, வளர்ச்சியைக் கவனித்து எழுதுகிற வேலை. நான் எண்ணி அனுப்பிய உயிர் மண்ணில் என்ன செய்கிறது என்று ஒரு நாள்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. தட்டோடு என் உலகம் முடிந்துவிடும். வருஷா வருஷம் சாரிடம் கேட்பேன். அவரும் கன்னடத்தில் "மாடோணா, மாடோணா" என்பார். செய்யலாம், செய்யலாம். அந்தச் செய்யலாமிலேயே எனக்குத் தலை நரைத்தது.

அப்போதுதான் அவள் வந்து சேர்ந்தாள். ஹனூர் பக்கம் கௌதள்ளிக்காரி. விவசாயத்தில் டிப்ளமா. என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். விதைக்குப் பூச்சுப் போடுகிற வேலைக்கு எடுத்தார்கள். வந்த முதல் வாரமே மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் சேர்த்துக் களியும் அவரைப் பருப்புக் குழம்பும் கொண்டுவந்தாள். நான் பதினோரு வருஷமாக அந்த மேசையில் எலுமிச்சம்பழச் சாதம் தின்கிறேன், என் டப்பாவில் யாரும் கை வைத்ததில்லை. அவள் டப்பாவில் சாரே கை வைத்தார்.

பேச்சிலும் என்னை விஞ்சினாள். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், என் தமிழ் பாதி கன்னடம். ஒரு நாள் நான் ஏதோ சொல்ல, அவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, நீங்க பேசறது தமிழுங்களா, கன்னடமுங்களா? சும்மாவுக்குச் 'சும்னே', அப்புறத்துக்கு 'ஆமேலே'ன்னு வருது."

"ரெண்டும்தான். உனக்குப் புரியுதல்லவா? சும்னே கேலி பண்ணாதே," என்றேன்.

அவள் கேலியாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னால் எரியாது என்று யார் சொன்னது?

முதல் அடி வெல்லப்பாகில் விழுந்தது. பாக்டீரியாப் பொடி விதையில் ஒட்டுவதற்கு நாங்கள் வெல்லம் கரைத்த தண்ணீர் தெளிப்போம். அந்த அளவை நிர்ணயித்தவள் நான். ஊருக்குப் போய்விட்டு வந்த ஒரு திங்கட்கிழமை அவள் சாரிடம் சொன்னாள்: "சார், வெல்லத் தண்ணி போட்ட வெதைய எறும்பு தூக்கீட்டுப் போயிருதுங்க. எங்கூர்ல போன வருசம் வெதச்சவங்க வரப்போரமா எறும்புப் புத்துல பாதி ராகியப் பாத்தாங்களாம். சோத்துக் கஞ்சி வடிச்சு ஆறவெச்சுப் பூசிப் பாக்கலாமுங்களா?"

ராகி விதை கடுகைவிடச் சின்னது. எறும்புக்கு அது கல்யாணச் சீர் மாதிரி. பதினோரு வருஷமாக நாங்கள் எறும்புக்கு விருந்து வைத்திருக்கிறோம், எங்கள் யாருக்கும் அது தெரியாது. ஏனென்றால் நாங்கள் யாரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்ததில்லை. என்னை வரப்புக்கு அனுப்பியிருந்தால் நானும் பார்த்திருப்பேன். கஞ்சி பூசிப் பார்த்தோம். பொடி நன்றாக ஒட்டியது. தட்டிலும் எண்ணிக்கை குறையவில்லை. அதை எண்ணிச் சொன்னவளும் நான்தான். சார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எனக்குக் காது வழியாகப் புகை வந்தது.

அந்த வருஷம் கௌதள்ளியிலேயே ஒரு சோதனை வயல் போடுவது என்று முடிவாயிற்று. நிலம் ஓர் அம்மாவுடையது. ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி. அதில் விளைகிற ராகிதான் அவர் வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. அவர் நம்பி நிலத்தைக் கொடுத்தது இவள் முகத்துக்காக. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் இவள் ராகிக்குக் கஞ்சிப் பூச்சுப் போட்டு, சாக்கில் பரப்பி நிழலில் உலர்த்தி, எனக்கு மாதிரி கொண்டுவந்து வைத்தாள். நான் கூழ் காய்ச்சி இறக்கி வைத்திருந்தேன். பக்கத்து அறையில் சார் அவளோடு பேசுவது கேட்டது. நடுவில் இருப்பது மெல்லிய பலகைச் சுவர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

இந்த வயல் நன்றாக வந்தால் அடுத்த பருவத்திலிருந்து வயல் பொறுப்பு முழுக்க உனக்குத்தான் என்றார் சார்.

என் பதினோரு வருஷத்து "மாடோணா"வை அவளுக்கு ஒரே வாக்கியத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். கையில் துணியைச் சுற்றிக் குடுவையை எடுத்தேன். சொட்டு விட்டு வரிசையாக வைத்திருந்த தட்டுகளில் மளமளவென்று ஊற்றினேன். மூடினேன். கவிழ்த்து அலமாரிக்குள் தள்ளினேன். முகம் கழுவப் போய்விட்டேன். அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

புதன்கிழமை காலை தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. விளக்கில் பிடித்தேன். பச்சை இல்லை, ஒன்றும் இல்லை. மூடிகளின் உள்பக்கம் மட்டும் ஏகத்துக்கு வியர்த்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், என் மனசு குதித்தது. கஞ்சியை ஆறவிடாமல் பூசியிருக்கிறாள், பாக்டீரியா எல்லாம் போய்விட்டது என்று உடனே தீர்ப்பு எழுதினேன். ஆராயக்கூட இல்லை. தேடிப் போன பொருள் கடைவாசலிலேயே கிடைத்தால் வேறு கடை ஏற யாருக்குத் தோன்றும்?

இப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். "நில்லு, தட்டு காலியா இருக்கு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் புதிதாகப் பூச்சுப் போட்டுவிடுவாள். விதைப்பு ஒரு நாள் தள்ளிப்போகும். அவளுக்கு ஒரு சின்னத் திட்டு, அவ்வளவோடு போய்விடும். வயல் நன்றாக வரும், பொறுப்பும் அவளுக்கு வரும். சொல்லாவிட்டால் அந்த அம்மாவின் ராகி ஒன்றும் செத்துவிடாது, சாதா விதை மாதிரி முளைக்கும். இரண்டு பாதியும் ஒரே மாதிரி நிற்கும். நேர்த்தி பலிக்கவில்லை என்றாகும். பயிருக்கு நஷ்டமில்லை, இவள் பேருக்குத்தான் நஷ்டம். இப்படியெல்லாம் கணக்குப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வாசலில் அவள் வந்து நின்றாள். தோளில் துணிப்பை, கையில் விதை மூட்டை. கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"அக்கா, கெளம்பறனுங்க. நாளைக்கு வெடியறப்பவே வெதப்பு."

நான் தட்டுகளைப் பார்த்தபடியே இருந்தேன். அவள் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்தாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

"பாத்துப் போ," என்றேன்.

அவள் சிரித்தாள். "சரிங்க்கா" என்று ஓடினாள். நான் பதிவேட்டை எடுத்து அந்த விதைக்கான கட்டத்தில் தேதியை மட்டும் எழுதினேன். எண்ணிக்கை எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டேன். பொய் எழுதவில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி தேவராஜா மார்க்கெட்டுக்குள் போனேன். நஞ்சன்கூடு ரசவாழைப் பழம் ஒரு சீப்பு வாங்கினேன். கூடவே மல்லிகையும் ஒரு முழம் வாங்கினேன். வீட்டில் என் கணவர் பூவையும் பழத்தையும் பார்த்துவிட்டு, "என்ன விசேஷம்? பதவி உயர்வா?" என்று கேட்டார்.

"சும்னே," என்றேன்.

"சும்மா பழம் வாங்குற ஆளா நீ?" என்றார். பழம் நல்ல ருசி. இரண்டு தின்றேன்.

அடுத்த வாரம் அலுவலகக் குழுவுக்கு அவள் போனில் படம் அனுப்பினாள். இரண்டு பாதியிலும் முளை ஒரே மாதிரி வந்திருந்தது. சார் கட்டை விரல் போட்டார். நானும் போட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு வித்தியாசமும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு மழை நின்றுவிட்டது. இரண்டு வாரம் ஹனூர் பக்கம் ஒரு தூறல் இல்லை. அவளிடமிருந்து படமும் இல்லை. சார் முகம் சுருங்கிக் கிடந்தார். நான் மட்டும் பளிச்சென்று தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போனேன். நடுநடுவே அந்த நிலத்து அம்மா நினைவுக்கு வருவார். முகம் தெரியாத அம்மா. நினைவு வந்தால் எழுந்து போய்க் குடுவைகளைக் கழுவ ஆரம்பித்துவிடுவேன். அந்த இரண்டு வாரத்தில் எங்கள் குடுவைகள் மாதிரி சுத்தமான குடுவை மைசூரிலேயே கிடையாது.

மூன்றாவது வாரம் மழை திரும்பியது. படமும் வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சார் எல்லோரையும் வண்டியில் ஏறச் சொன்னார். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன எனக்கு வயலைப் பார்க்கிற பாக்கியம் இப்படிக் கிடைத்தது, அவள் வெற்றியைப் பார்க்க.

கௌதள்ளியில் அந்த நிலத்தின் நடுவே வெள்ளை அடித்த குச்சிகளை வரிசையாக நட்டிருந்தாள். குச்சிக்கு இந்தப் பக்கம் சாதா விதை. பயிர் வெளிறி, நுனி சுருண்டு, அங்கங்கே இடைவெளி விட்டு நின்றது. அந்தப் பக்கம் கரும்பச்சை. தூரும் நன்றாகக் கட்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சாலையிலிருந்தே தெரிந்தது.

நிலத்து அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன வயது, என் வயதுதான் இருக்கும். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு செடி பிடுங்கி மண்ணை உதறி, இரண்டையும் என் கையிலேயே கொடுத்தார். ஒன்றின் வேர் நாலு விரல் நீளத்தில் முடிந்துவிட்டது. மற்றதன் வேர் முழங்கை வரை தொங்கியது.

"பாருங்க, மருந்துப் பக்கத்து வேரை!" என்றார்.

"மருந்தில்லீங்க்கா, உசுரு," என்று திருத்தினாள் அவள். பிறகு என்னைக் காட்டினாள். "இவுங்கதான் அதுல எத்தன உசுரு இருக்குதுன்னு எண்ணிப் பாத்து அனுப்பறவங்க."

"அப்டீங்களா? மழையில்லாத அந்த ரெண்டு வாரமும் எனக்குத் தூக்கமே இல்லீங்க. இந்தப் பக்கம் மட்டும் பச்ச மாறாம நின்னுச்சு. நல்லா இருப்பீங்க, தாயி," என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் அசடு வழிய நின்றேன். பொறாமை ஒரு பக்கம் எரிந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு குழப்பம். செத்த பாக்டீரியா இப்படி வேரை இழுக்காது. இது நடக்கவே கூடாது. திரும்பி வருகிற வழியெல்லாம் வண்டியில் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு மூடியில் வியர்த்து நின்ற தண்ணீர்தான் கண்ணில் நின்றது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போனேன். வெளியே அனுப்புகிற ஒவ்வொரு விதையிலும் கொஞ்சம் எடுத்துக் காகித உறையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்போம். அந்த உறையை எடுத்து, விதையைக் குலுக்கி, நீர்த்து, கூழ் காய்ச்சினேன். குடுவையைக் கன்னத்தில் ஒட்டினேன். சுட்டது. காத்திருந்தேன். மறுபடி ஒட்டிப் பார்த்து, பொறுத்த பிறகு ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து விளக்கில் பிடித்தால் தட்டு முழுக்கப் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். இத்தனை வாரம் கழித்தும் எண்ணி மாளவில்லை.

அவள் பூச்சில் ஒரு பிசகும் இல்லை. நான்தான் அந்தத் திங்கட்கிழமை, சுவரில் காதை வைத்துக்கொண்டு, துணியால் பிடிக்கவேண்டிய அளவு கொதிக்கிற கூழை ஊற்றி அத்தனையையும் வேகவைத்திருக்கிறேன். மூடியில் அவ்வளவு வியர்வை வந்தாலே கூழ் சூடு என்று அர்த்தம். மோசமான விதை என்றாலும் தட்டில் நாலு புள்ளியாவது, ஏதாவது பூஞ்சையாவது வரும். அடியோடு காலியாக இருந்தால் ஊற்றிய கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது முதல் வருஷ மாணவிக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? அவள் தோற்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டதால், என் தொழிலையே மறந்துபோனேன். அன்றைக்கு அவளிடம் "நில்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், திரும்ப ஊற்றிப் பார்த்து, என் தப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்த வாரமே சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். வயல் பொறுப்பை அவளுக்குக் கொடுத்துக் கடிதம் அடித்தாயிற்று. நான் வாழ்த்துச் சொன்னேன். பிறகு அவர், கௌதள்ளிச் சோதனையைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும், அந்த விதையின் எண்ணிக்கை என்ன என்று கேட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். தேதி இருந்தது. பக்கத்துக் கட்டம் காலி.

இரண்டாவது தட்டின் எண் என் கையில் தயாராக இருந்தது. நல்ல எண். அதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் எனக்காகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா எழுத மறந்திருப்பாங்க சார். அன்னைக்கு நான் கேக்கறதுக்குத்தானுங்க வாசல்ல நின்னேன். ஒண்ணுஞ் சொல்லல, பாத்துப் போன்னாங்க. நல்லாருந்துதுன்னுதான் எடுத்துட்டுப் போனேன். தப்பா இருந்தா அக்கா என்னயப் போக உட்டுருவாங்களா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "தட்டு காலியா இருந்துச்சு," என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூழ் சூடாக ஊற்றியது, அது தெரியாமல் விதை செத்துவிட்டது என்று நினைத்தது, நினைத்தும் சொல்லாதது, நேற்று திரும்ப எண்ணியது. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அறையில் இருந்த மூவருக்கும் அது தெரிந்திருந்தது.

அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பழையபடி அவளை வெறுத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்தக் காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காலியா இருக்குதுன்னு நீங்க பாத்தது நான் மூட்டையத் தூக்கறதுக்கு முன்னாடிங்களா, பின்னாடிங்களா?"

"முன்னாடி," என்றேன்.

"அந்தக்காவுக்கு அந்த ராகி மட்டுந்தானுங்க சோறு," என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னைப் பற்றியும் சொல்லவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் என் பேர் என்ன ஆகியிருக்கும் என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

இனிமேல் எண்ணுகிற வேலையை யாரிடம் கொடுப்பது என்று சார் கேட்டார். என்னிடம் இல்லை, அவளிடம். வயல் பொறுப்பு அவளுடையது, அவள் சொல்வதுதான் முடிவு. வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். என்னைப் போகச் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

"அவங்களே எண்ணட்டுங்க சார். அவங்களுக்கு இருக்கற கண்ணு யாருக்கும் இல்ல," என்றாள். "ஆனா எண்ணறப்ப நான் பக்கத்துல நிப்பனுங்க."

அன்றிலிருந்து நிற்கிறாள். தட்டை விளக்கில் பிடித்ததும் வந்துவிடுவாள். நான் ஒவ்வொரு புள்ளியாகப் பேனாவால் தொட்டு, அவள் காதில் விழும்படி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுகிறேன்.